கழுகுக் கண்ணும் சோடாபுட்டியும்

மனித குலம் இதுவரை கண்ட கண்களிலேயே ஆகக் கூர்மையானவை தன்னுடையவைதான் என்பதைக் கழுகு அடக்கத்தோடு ஒப்புக்கொள்வான். அந்தப் பட்டப்பெயரும் அவனே வைத்துக்கொண்டதுதான். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

திசு வகை பார்க்கும் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. வலிப்புக்குத் தரும் ஒரு மாத்திரை, மரபணுவில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் உள்ளவர்களுக்குச் சேராமல் போனால், தோல் கொப்பளித்து உரிந்துவிடக்கூடும். அதனால் மருத்துவர்கள் முதலில் ரத்தத்தை இங்கே அனுப்புவார்கள். அந்த ரத்தத்தின் மரபணுவைக் கோடுகளாகக் காட்டும் ஜெல் படத்தில் கீழ்க்கோடு தெரிந்தால் அடையாளம் உண்டு; தெரியாவிட்டால் இல்லை. படத்தை இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இரண்டாமவர் எழுதும்போது, முகம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க, முதலாமவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

“சுவரைப் பாக்கவா சம்பளம் குடுக்கறாங்க?” என்று மேலாளரிடம் மூக்கால் அழுது, படம் தெளிவாக இருந்தால் ஒருவர் படித்தாலே போதும் என்று போன மாதம் அனுமதி வாங்கிவிட்டான் கழுகு. அதுவரை இரண்டாவதாகப் படித்துவந்த சோடாபுட்டி அக்கா, “உன் கண்ணு, உன் பாடு” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று வந்த ரத்தக் குழாய் ஒன்றில் அவன் மனைவியின் தம்பி பெயர். இன்று காலையிலேயே தம்பி போன் செய்தான்.

“மாமா, ரெண்டு தடவை சுருண்டு விழுந்துட்டேன். சாயங்காலம் டாக்டர் மாத்திரை எழுதறாரு. என் தோல் உங்க கையிலதான்.”

“பயப்படாத மாப்ள. உன்னோடது காண்டாமிருகத் தோலு.”

தம்பியின் படம் தெளிவாகத்தான் இருந்தது. கீழ்க்கோடு இல்லை. ‘இல்லை’ என்று எழுதினான். மறுபடி பார்த்தான். ஒரு நிழல் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கிட்டப் பிடித்தான், தள்ளிப் பிடித்தான். தப்பாகப் படித்துவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும், பையனுக்குத் தோலே மிஞ்சாது.

பெயரை மடித்து மறைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனான்.

“என்னடா, கழுகுக்குப் பார்வை மங்கிடுச்சா?”

“சேச்சே. உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதேன்னு.”

மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்து, அவள் எழுதி நீட்டினாள். ‘இல்லை.’

கழுகு விட்ட மூச்சில் மேசைமேலிருந்த சீட்டுகள் பறந்தன.

“யாரோடதுடா?”

“யாரோ வழிப்போக்கன்.”

வெளியே வந்து போன் செய்தான். “மாப்ள, உனக்கு அந்த அடையாளம் இல்ல.”

“உங்க கண்ணு பாத்தா அப்பீலே கிடையாது மாமா!”

கழுகுக்கு இருமல் வந்தது.

அடுத்த படம் முன்பின் தெரியாத ஒருவருடையது. கோடு பளிச்சென்று இருந்தது, அரைக்கண் போதும். கழுகு தன் சீட்டை எழுதி மடித்தான். படத்தை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.