அவனுக்கும் சேர்த்து

லோகேஸ்வரி கறுப்புத் துணி கேட்டதும் பழனியப்பன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில் முப்பது வருஷமாகத் துணிக்கடை நடத்துபவர். எதற்கு என்று கேட்காமல் எதையும் வெட்ட மாட்டார்.

"சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் சரி. கறுப்பு எதுக்கும்மா? ஐயப்பனுக்குன்னா இப்ப சீசன் இல்லியே."

"வீட்டுக்காரர் ஊர்ல ஒரு விரதம், அங்கிள். அமெரிக்காவுல."

"அமெரிக்காவுல விரதமா? பர்கர விட முடியுமா லா அவங்களால?"

"அவர் வெள்ளைக்காரர் இல்ல அங்கிள். அந்த மண்ணோட பழைய ஆளுங்க. லக்கோட்டான்னு பேரு."

"அப்ப நம்ம ஒராங் அஸ்லி மாதிரி," என்ற பழனியப்பன், நான்கு நிறத்திலும் அரை மீட்டர் கூடுதலாகவே வெட்டிக் கொடுத்தார்.

லோகேஸ்வரியின் கணவன் வெஸ்லி, ஷா ஆலமில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறான். அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் அவனைப் பார்த்து, விரும்பி, வீட்டில் போராடிக் கட்டிக்கொண்டாள். கிள்ளானுக்கு வந்து ஆறு வருஷம். அவன் பேசும் தமிழ் முழுக்க மாமியார் இராஜம்மாவிடம் பிடித்தது.

போன வருஷம் ஜூன் மாதம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே வெஸ்லி தன் மாமாவுக்குப் போன் செய்தான். அடுத்த வருஷம் என்னை மலையில் ஏற்றுங்கள் என்றான்.

சௌத் டகோட்டாவின் புல்வெளியில் கோடைதோறும் அவனுடைய சொந்தங்கள் கூடாரம் போடுவார்கள். நேர்ந்துகொண்டவர்கள் மலையில் ஆளுக்கொரு இடத்தில் தனியாக நின்று, நான்கு நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் பிரார்த்திப்பார்கள். கீழே குடும்பங்கள் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும். ஹன்பிளேச்சியா என்று அதற்குப் பெயர். காட்சி வேண்டி அழுவது என்று அர்த்தம். இந்த வருஷம் ஒன்பது பேர் ஏறுகிறார்கள். புறப்பட இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வாங்கி வந்த துணியைச் சிறு சிறு சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து, ஒரே நீளக் கயிற்றில் வரிசையாக முடிய வேண்டும். முடிச்சுக்கு ஒரு பிரார்த்தனை. மொத்தம் நானூற்று ஐந்து. சாப்பாட்டு மேசை முழுக்க அதுவாகவே கிடந்ததில் லோகேஸ்வரிக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.

மூன்று வாரமாக அவள் ஒருவேளைதான் உண்கிறாள், அதுவும் பாதி வயிற்றுக்கு. வெஸ்லி மலையில் இருக்கும் நான்கு நாளும் அவளும் கீழே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பதென்று முடிவு செய்திருந்தாள். அப்பா காவடி எடுத்த வருஷமெல்லாம் அம்மாவும் கூடவே விரதம் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கணவன் விரதமென்றால் மனைவிக்கும் விரதம். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கே தெரியும், ஒரு வருஷமாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கொண்டுவரும் டிபனில் பாதி குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. விரதம் என்பது அந்தப் பட்டினிக்குக் கிடைத்த நல்ல பெயர்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தெல்மா வீடியோவில் வந்தாள். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். வெஸ்லியின் அம்மாவுக்குத் தங்கை. அவன் அவளையும் 'இனா', அதாவது அம்மா என்றே கூப்பிடுவான். நம் வீடுகளில் சின்னம்மா என்பது போல. முகாமில் சமையல் முழுக்க அவள் பொறுப்பு.

"பொண்ணே, வரும்போது உன் கறித்தூள் ரெண்டு பாக்கெட் கொண்டு வா," என்றாள் ஆங்கிலத்தில். "நாலு நாளைக்கு உனக்கு என்னென்ன சமைக்கணும், சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஆன்டி. நானும் அவர்கூட விரதம் இருக்கப் போறேன். தண்ணிகூடக் கிடையாது."

தெல்மா கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"யார் உனக்கு அப்படிச் சொன்னது?"

லோகேஸ்வரி கயிற்றில் அடுத்த முடிச்சைப் போட்டாள்.

"மேல இருக்கறவனுக்காகக் கீழ இருக்கறவ சாப்பிடணும். அவனுக்காகத் தண்ணி குடிக்கணும். நீ குடிக்கிறதுதான் அவனுக்குப் போய்ச் சேரும். என் புருஷன் ஏறின வருஷம் நான் ஆறு கிலோ ஏறினேன், இன்னும் இறங்கல. நீ பட்டினி கிடந்தா அவனுக்கு யார் இருக்கா?" தெல்மாவின் சிரிப்பு நின்றது. அவள் லோகேஸ்வரியின் கழுத்தெலும்பைப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"

பதில் பின்னால் நின்ற வெஸ்லியிடமிருந்து வந்தது. "அவ ஒரு வருஷமா சாப்பிடல, இனா."

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தினமும் குப்பைப் பையைக் கட்டி வெளியே வைப்பவன் அவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்ப இவளுக்குப் பதிலா உனக்காகக் கீழ உட்கார்ந்து சாப்பிட உன் தங்கச்சியைச் சொல்லவா?" என்று அவனிடம் கேட்டாள் தெல்மா.

"வேணாம். மாமாகிட்ட சொல்லிடுங்க. இந்த வருஷம் நான் ஏறல."

திரை அணைந்ததும் லோகேஸ்வரி வெடித்தாள்.

"பிள்ளைக்கு நேர்ந்துகிட்டது, வெஸ். அதை எப்படி விடுவ?"

"உன்னை இப்படி விட்டுட்டு எப்படி ஏறுவேன்?"

அவள் ஒரு துணிச் சதுரத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"பசிச்சா வெட்கமா இருக்கு," என்றாள். "ரெண்டு நாளும் ஒரு சொட்டுப் பால் அவ தொண்டையில இறங்கல. நான் மட்டும் தட்டு நிறையப் போட்டுக்கிட்டு உட்காரவா?"

வெஸ்லி அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அதுக்குத்தான் நான் வறண்ட வாயோட மேல போறேன்னு நேர்ந்துகிட்டேன். அவளுக்காகப் பட்டினி கிடக்கிறது என் வேலை. அந்த வேலைய எங்கிட்ட குடு, லோகா. நீ சாப்பிட்டா நான் ஏறுறேன்."

வெளியே கேட் சத்தம் கேட்டது. இராஜம்மா டிபன் கேரியரோடு நுழைந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, கீழ உட்கார்ந்திருக்கீங்க? திட்டிட்டாளா? இட்லியும் நெத்திலி சம்பலும் இருக்கு, ஆறிடும்."

"எனக்கு வேணாம் அம்மா. பழகணும்ல, நேத்து காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல." அவன் பார்வை மனைவியிடம் போனது. "அவளுக்கு வைங்க."

லோகேஸ்வரி கயிற்றை ஒதுக்கி மேசையில் ஒரு தட்டுக்கு இடம் செய்தாள். முதல் வாய் இறங்க நேரமானது. இரண்டாவது வாயில் கண் கலங்கியது. இராஜம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுக்களையில் எதையோ தேடப் போய்விட்டாள். ஓர் இட்லி முடிந்தது. இன்னொன்றை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் உதடு வெடித்திருந்தது.

"வந்துச்சா?"

வெஸ்லி கண்ணை மூடி யோசித்தான்.

"கொஞ்சம். தொண்டை வரைக்கும்தான்."

அவள் தண்ணீர் ஜாடியை எடுத்து இன்னொரு கிளாஸ் ஊற்றினாள்.