கையை விட்டால் நிற்கிற வண்டி

எங்க ஷிபு முதலாளிகிட்ட நாலு வருஷமா தொண்டை கிழியக் கத்துனேன், வண்டிக்கு பிரேக் வேணும்னு. கேட்டாத்தானே? விழிஞ்ஞம் போற ரோட்டுல கிரானைட் அறுக்கிற பட்டறை எங்களோடது. கல்லை நிமித்தி வச்சுத் தள்ளுற இரும்பு வண்டி எட்டு கிடக்கு. தரையோ வாசலைப் பார்த்துச் சரிவு. வண்டியை நிறுத்தணும்னா சக்கரத்துக்கு அடியில ஒரு துண்டுக் கல்லைச் சொருகணும், அவ்வளவுதான் பிரேக்கு. "அது மதிடா வேலாயுதா"ம்பாரு. மலையாளத்துல மதின்னா போதும். போதுமாம், மதியாம்!

போன சித்திரையில எங்க அத்தான் வன்னியபெருமாள் வேர்வை துடைக்க ஒரு நிமிஷம் கையை எடுத்தாரு. துண்டுக் கல்லு நழுவிருச்சு. உருண்ட வண்டியைப் பிடிக்கப் பாஞ்சதுல வலது கை கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டி, மூணு விரல் போச்சு. அத்தான்னா எங்க நாச்சியார் அக்கா வீட்டுக்காரர். என்னை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்து வெல்டிங்ல சேர்த்துவிட்டதே அவருதான். அவருக்குக் கல்லுத் தள்ளுறதைத் தவிர வேற வேலை தெரியாது.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல வச்சுக்கிட்டு அவரேதான் சொன்னாரு. "மாப்ள, மிதிச்சாப் பிடிக்கிற பிரேக்கு வேண்டாம்லே. அவசரத்துல மிதிக்க மறந்துருவோம். கையை விட்டா வண்டி தானா நிக்கணும். பிடியை அழுத்துனாத்தான் சக்கரமே உருளணும்." என்ன மூளை பாருங்க அந்த மனுஷனுக்கு!

பழைய இரும்புக் கடையில ஸ்கூட்டர் பிரேக்கும் ஸ்பிரிங்கும் பொறுக்கிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் ஸ்பிரிங் கல்லு ஏத்துனதும் வழுக்கிருச்சு. ரெண்டாவதும் மூணாவதும் அப்படித்தான். நாலாவதுக்கு நல்ல கட்டியானதாப் போட்டேன். முழுக் கல்லோட சரிவுல விட்டுட்டு கையை எடுத்தேன். ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு! முதலாளியே கை தட்டுனாரு. எட்டு வண்டிக்கும் போடச் சொல்லிட்டாரு. போன்ல வீடியோ எடுத்துட்டுப் போய் அத்தான்கிட்ட காட்டுனேன். திரும்பத் திரும்பப் பார்த்தாரு. "இனி யாருக்கும் ஒண்ணும் ஆகாதுலே"ன்னாரு.

தினமும் அந்தக் கட்டுப் போட்ட கைக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு மடையன். ஸ்பிரிங்கை என் கையை வச்சுத்தான் அழுத்திப் பார்த்தேன்.

ஓணம் கழிஞ்சு அத்தான் வேலைக்கு வந்தாரு. புதுச் சட்டை போட்டிருந்தாரு. இடது கையால கல்லை அணைச்சுக்கிட்டு, வலது கையால பிடியை அழுத்துனாரு. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் என்ன செய்யும்? பிடி அசையல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடி அழுத்துனாரு. வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. பிடியை இடது பக்கம் மாத்தி வெல்ட் பண்ணிக் குடுத்தேன். வண்டி நகர்ந்துச்சு, ஆனா வலது கையால அணைச்ச கல்லு ஆடுது. ரெண்டு பேரு ஓடிப் போய்ப் பிடிச்சோம். ஸ்பிரிங்கை இளக்கிப் பார்த்தேன், வண்டி சரிவுல நிக்கல.

மூணு நாளு பார்த்துட்டு முதலாளி சொன்னாரு. "எடா, வன்னியனுக்கு ஒரு வண்டியில அந்த பிரேக்கைக் கழட்டிக் கொடு. பழைய மாதிரி ரெண்டு கையாலயும் அணைச்சுத் தள்ளட்டும். இல்லேன்னா அவன் எப்படி வேலை செய்யும்?"

அந்த பிரேக்கு வேணும்னு கத்தினவன் நான். கழட்டலன்னா அத்தானுக்கு வேலை இல்ல. இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்துட்டுப் போய்க் குனிஞ்சேன். அத்தான் வந்து என் தோளைப் பிடிச்சாரு.

"வேண்டாம்லே. பிரேக் இல்லாத வண்டி லேசா உருளும். நான் இல்லாத நேரம் எவனாவது எடுத்துட்டுப் போவான். கழட்டாத."

"அப்போ நீங்க?"

"அக்காவைக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன். ஏதாவது பார்க்கலாம்."

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் பஸ் ஏத்திவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்கல. அத்தான் மட்டும் ஜன்னல் வழியா அந்தக் கையைத் தூக்கி ஆட்டுனாரு.

இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. கழட்டாதன்னு அவர் சொன்ன அந்த நொடியில எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. நான் செஞ்ச பிரேக்கு தப்பிச்சுதேன்னு. அதுக்கு என்னைச் செருப்பாலயே அடிக்கணும்.