இனிப்பு பிடிக்காத கரப்பான்கள்

மன்னிப்புக் கடிதத்தை அத்தானே எழுதி வைத்துவிட்டார். 'மருந்தைத் திருடிக்கொண்டு, அதற்குப் பதில் வெறும் சர்க்கரைப் பாகை வைத்தது நான்தான்' என்று. அவள் கையெழுத்துதான் பாக்கி. பூச்சி ஒழிக்கும் கம்பெனி அத்தானுடையது. அதாவது அவளுடைய அக்கா வீட்டுக்காரருடையது. பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாக, கடை கடையாகப் போய் மருந்து வைப்பவள் இவள்.

விஷயம் இதுதான். ஒரு பேக்கரியில் கரப்பான்கள் ஒழிந்தபாடில்லை. விஷம் கலந்த இனிப்புப் பசையை மூலை முடுக்கெல்லாம் வைத்தால், முன்பெல்லாம் மறுநாளே கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடக்கும். இப்போது அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பேக்கரிக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவருக்குக் காட்ட அத்தானுக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

"கையெழுத்து போட்டுட்டு வேலையப் பாரும்மா. இல்லன்னா கிளம்பு. உங்கக்காவும் அதான் சொல்றா."

வேலை போனால் போகட்டும். கூடப்பிறந்தவளே திருடி என்று நம்பிவிட்டாளா?

பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டிலும் பொடிப்பொடிக் கரப்பான்கள். அத்தான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இத்தனை வருஷம் இதன் பேரைச் சொல்லியே சோறு தின்ற மனுஷர்!

"இது எங்க வீட்டுக் கரப்பான். மருந்து வாசனையே படாதது." குளுக்கோஸ் தண்ணீரில் குச்சியை நனைத்து உள்ளே விட்டாள். மொய்த்துக்கொண்டன. "இது பேக்கரியோடது." அதே தண்ணீர், வேறு குச்சி. கிட்டே வந்து வாய் வைத்தவை சுட்டுக்கொண்டதுபோல் பின்வாங்கின. "இதுல விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம மருந்துல கலக்குற அதே இனிப்பு, அவ்வளவுதான்."

"அதுங்களுக்குப் பட்டுப் பட்டுப் புத்தி வந்திருச்சு."

"புத்தியா? இதெல்லாம் பாட்டிலுக்குள்ளயே பொறந்த குஞ்சுங்க அத்தான். பொரிஞ்ச அன்னிக்கே தாய எடுத்துட்டேன். மருந்த இதுங்க கண்ணால பாத்ததில்ல. யாரு சொல்லிக் குடுத்தா?"

அத்தான் எட்டியிருந்தே பாட்டிலை உற்றுப் பார்த்தார். அவளே விளக்கினாள்.

"ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டுக்குப் பிறவியிலயே இந்த இனிப்பு புடிச்சிருக்காது. புடிச்சதெல்லாம் நம்ம மருந்த தின்னு செத்துச்சு. புடிக்காதது மிஞ்சி முட்டை வச்சுது, குஞ்சுக்கும் அதே குணம். வருஷத்துக்கு மூணு நாலு தலைமுறை. பன்னெண்டு வருஷம் மருந்த மாத்தாம, பொறுக்கிப் பொறுக்கி வளத்துவிட்டது நாமதான். மாத்துங்க, மாத்துங்கன்னு எத்தனை தடவ தலையால அடிச்சுக்கிட்டேன்!"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரிம்மா, நீ திருடல. ஆனா தப்பு என்னோடதுன்னு பேக்கரிக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? கையெழுத்த மட்டும் போட்டுடு. சம்பளம் கூட்டித் தரேன்."

இதைக் கேட்டபிறகு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. பாட்டில்களைப் பைக்குள் போட்டாள்.

"நீங்க சொல்ல வேணாம். நானே போய்ச் சொல்லிக்கிறேன். அக்காகிட்டயும் காட்டணும்."

அத்தான் எழுந்தேவிட்டார். "அவகிட்ட எதுக்கும்மா? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் இன்னும் சொல்லவே இல்ல."

அவள் வாசலில் நின்றாள். அப்படியானால் அக்கா தன்னைத் திருடி என்று சொல்லவே இல்லை! கண் நிறைந்துவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்போ முதல்ல அவகிட்டதான் போறேன்," என்றாள்.