பரல் தண்ணி

கிளினிக் நாளன்று, தாய்மார் இருபது பேருக்கு முன்னால், மருத்துவ மாது பரீனா, ஃபஹ்மியாவின் தண்ணீர் வடிகட்டும் பரல்களைப் பற்றி வாய் திறந்தாள்.

"ஹஃபீலா, நீங்க புள்ளைக்குப் பால்மா கரைக்கிறது அந்தப் பரல் தண்ணியிலயாம். நிப்பாட்டுங்க. சந்தியில இருக்கிற ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெசின் தண்ணி எடுங்க."

ஃபஹ்மியா அப்போது வாசலில் நின்று, கிளினிக்குக்கென்று தான் செய்து கொடுத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பரலின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"என்ட பரல்ல என்ன குறை மிஸ்ஸி?"

"குறையெண்டு சொல்லல்ல. கைக்குழந்தைக்கு வாணாம் எண்டுதான் சொன்னேன். இந்தப் பக்கத்துக் கிணறுகள்ல உரம் இறங்கியிருக்கு. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச புள்ளைகளுக்கு ஆகாதெண்டு எங்களுக்குக் கடிதம் வந்திருக்கு."

"அது கிணத்துத் தண்ணியப் பத்தின கடிதம். என்டது வடிச்ச தண்ணி. லெபுக்கு அனுப்பிப் பாத்தேன், கிருமி பூச்சியம். உங்கட கடிதத்துக்கு வடிக்கத் தெரியுமா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பரீனாவின் முகம் சிவந்தது.

"நீங்க டொக்டர் இல்ல, ஃபஹ்மியா."

"நீங்களும் இல்லயே."

பள்ளிவாசல்துறைக்கு அப்பாலுள்ள அந்தக் குடியேற்றத்தில் ஃபஹ்மியாவை எதிர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான டியூஷன் எடுப்பவள் அவள். இரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளம் வடிந்த கையோடு வயிற்றோட்டம் பரவியபோது, ஓர் அமைப்பு நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போய் மணல் வடிகட்டி செய்யக் கற்றுக்கொண்டாள். அவர்கள் காட்டியதோடு அவள் நிற்கவில்லை. பாலாவியில் வாங்கிய பரல்களுக்குள் மணலை மூன்று அரிதட்டில் அரித்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவி நிரப்பினாள். மணலுக்கு மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குழாயை வளைத்தாள். அந்த வளைவு சரியாக வருவதற்கு முன் ஏழு குழாய்களை வீணாக்கினாள். முப்பத்தொரு வீடுகளில் பரல் வைத்த பிறகு வயிற்றோட்டம் நின்றது. யாரும் மறுக்க முடியாத உண்மை அது. அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்குப் பொறாமையாகவே பட்டது.

கிளினிக் முடிந்து திரும்பும்போது ஹஃபீலா ஃபஹ்மியாவோடு கூடவே நடந்து வந்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாள். சத்திரசிகிச்சைப் பிரசவம். பால் போதவில்லை. கணவன் ஸஜீத் கடலுக்குப் போனால், ஒன்றரை மைல் தள்ளியிருந்த அந்த மெசினுக்கு அவள்தான் போத்தல் தூக்கிப் போகவேண்டும்.

"தாத்தா, இப்ப நான் யாரு சொல்றதக் கேக்கிற?" அக்காவைத் தாத்தா என்பது அந்த ஊர் வழக்கம்.

"வெயில்ல நடந்து தையலப் பிரிச்சுக்காத. என்ட தண்ணிய நல்லாக் கொதிக்கவச்சுக் குடு. அவவுக்கு என்னோட கோவம், புள்ளையச் சாட்டா வைக்கிறா."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் குழந்தையின் உதடு நீலமாயிருந்தது. பிறகு நகங்களும். ஸஜீத் த்ரீவீலர் பிடித்துக் குழந்தையைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். ஊசியில் எடுத்த இரத்தம் கோப்பி நிறத்தில் இருந்ததாம். டொக்டர் முதலில் கேட்டது, பால் கரைத்தது எந்தத் தண்ணீரில் என்பதைத்தான். மருந்து ஏற்றி, இரண்டாம் நாள்தான் பிள்ளையின் நிறம் திரும்பியது.

செய்தி வந்ததும் ஃபஹ்மியா அலுமாரியைத் திறந்து லெப் தாளை எடுத்தாள். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் பரல். கிருமி வரிசையில் கிணற்றுக்கு எண்ண முடியாத அளவு, பரலுக்குப் பூச்சியம். ஊரெல்லாம் அவள் காட்டிய வரி அது. அதற்குக் கீழே, உரத்திலிருந்து கரைந்து வரும் நைத்திரேற்று என்றொரு வரி. கிணற்றில் தொண்ணூற்று நாலு. பரலிலும் தொண்ணூற்று நாலு. ஐம்பதைத் தாண்டக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

அந்த வரியை அவள் தாள் வந்த அன்றே பார்த்திருந்தாள். இரண்டிலும் ஒரே எண் என்பதால், அது கிணற்றின் குணம், தன் பரலின் குற்றமில்லை என்று தாளை மடித்து வைத்துவிட்டாள். உப்புக் கரைசலை வடிதாளில் ஊற்றி, கரைந்தது தாளில் தங்காது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள் அவள். கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றும், கரைந்தது வற்றாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொதிக்கவைக்கச் சொல்லியிருந்தாள்.

பிள்ளையின் நிறம் திரும்பிய அன்று பின்னேரம் ஸஜீத் வந்தான். ஸலாம் சொல்லவில்லை. முற்றத்திலிருந்த அவளுடைய பரலை உதைத்துச் சரித்தான். ஈர மணல் வாசல்வரை கொட்டியது. அவனுக்குப் பின்னால் பத்துப் பேர், இருவர் கையில் பரல் உடைக்க இரும்பு அலவாங்கு.

"ஊருல ஒரு பரல் இருக்கப்படா!"

"என்ட பிழைதான் ஸஜீத். மிஸ்ஸி சொன்னது சரி. ஆனா பரலுகள உடைக்காதீங்க..."

"வாய மூடு! என்ட புள்ள செத்திருந்தா உன்னை இதுக்குள்ளயே போட்டு மூடியிருப்பேன்!"

அவன் சொன்னதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அயலவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்களே தவிர, ஒருவரும் குறுக்கே வரவில்லை. போன மாதம் தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று வட்டிலப்பம் அனுப்பிய பெண், "பெரிய படிச்சவ" என்று உரக்கச் சொன்னாள்.

பரீனா ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"உடைங்க ஸஜீத். நாளைக்கு வயித்தோட்டமெண்டு ஒருத்தரும் என்னட்ட வரப்படா."

அலவாங்கு வைத்திருந்த இருவரும் நின்றார்கள்.

"பெரியாக்களும் வளந்த புள்ளைகளும் பரல் தண்ணிதான் குடிக்கோணும். வெறும் கிணத்துத் தண்ணிக்கு அது எவ்வளவோ மேல். கைக்குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டும் ஆகாது. இதத்தான் அண்டைக்கும் சொன்னேன். அண்டைக்குச் சிரிச்சீங்க."

ஸஜீத் காறித் துப்பிவிட்டுப் போனான். மற்றவர்களும் கலைந்தார்கள்.

"மிஸ்ஸி..." என்றாள் ஃபஹ்மியா.

"உங்களுக்காகச் சொல்லல்ல. உங்கட முகத்தப் பாக்கவே எனக்குப் புடிக்கல்ல. லெப் தாளைத் தாங்க."

பரீனா தாளை நின்றபடியே படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது எப்ப வந்தது?"

"பெப்ரவரியில."

"இந்த வரிய வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

பரீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "மேலதிகாரிகளுக்குக் குடுக்கப் போறேன்." ஃபஹ்மியா தடுக்கவில்லை.

மறுநாள் அவள் சிவப்புப் பெயின்ட் டின்னோடு புறப்பட்டாள். 'கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது' என்று வீடு வீடாகப் பரல்களில் எழுதினாள். சில வீடுகளில் திறந்திருந்த கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அவள் எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்று ஏசினார்கள். டியூஷனுக்கு இனிப் பிள்ளை வராது என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த ஹஃபீலா, குழந்தையைத் தோளில் போட்டபடி வேலிப் படலைக்கு வந்தாள். பிள்ளையின் உதடு சிவந்திருந்தது. ஃபஹ்மியா அதையே பார்த்தாள்.

"உள்ளுக்கு வராத."

தாத்தா என்ற சொல் இல்லை. நீங்க என்பதும் போயிருந்தது.

"எழுதிட்டுப் போயிடுறேன் ஹஃபீலா. பரல் உள்ளுக்குத்தானே இருக்கு."

"பிரஷ்ஷத் தா."

ஹஃபீலா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முற்றத்துப் பரலில் தானே எழுதினாள். எழுத்துக்கள் கோணலாய், பெரிதாய் இருந்தன. படலைக்கு வெளியே நின்றே ஃபஹ்மியாவால் வாசிக்க முடிந்தது. 'புள்ளைக்கு நஞ்சு.'

ஹஃபீலா திரும்பி வந்து பிரஷ்ஷை வேலிக்கு மேலால் எறிந்தாள். அது புழுதியில் விழுந்தது.

ஃபஹ்மியா அதை எடுத்துப் பாவாடையில் மண்ணைத் துடைத்தாள். தான் எழுதி வந்த நீண்ட வரியைப் பால்மா கரைக்கிற அவசரத்தில் யாரும் நின்று வாசிக்கப் போவதில்லை என்று அவளுக்குப் பட்டது. அடுத்த வீட்டுப் பரலில் ஹஃபீலாவின் இரண்டு சொற்களையே எழுதினாள். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு, ஏற்கெனவே எழுதிய வீடுகளுக்கு, அதையும் மாற்றி எழுதத் திரும்பிப் போனாள். முதல் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவள் வேலியோரம் ஒதுங்கி, நாயைக் கட்டும்வரை காத்து நின்றாள்.