மஞ்சள் கோட்டு இரண்டு

எஃபி வரைந்த படம் ஓவியக் கூடத்துச் சுவரில் ஏறி ஐந்து வாரமாயிற்று. அவள் அம்மா லோர்னா இன்னும் அதைப் பார்க்கவில்லை. இன்று ஞாயிறு, கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, நாளைக் காலையில் குழந்தைகளின் படங்களையெல்லாம் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நேரமில்லை என்று லோர்னா இத்தனை நாளும் சொல்லிவந்தது பச்சைப் பொய். பஸ் டிப்போவில் துப்புரவு வேலை, வாரத்துக்கு ஐந்து நாள். விடிகாலையில் போனால் பதினொரு மணிக்கு முடிந்துவிடும். நேரம் கிடந்தது, கால்தான் வரவில்லை. பதினைந்து வயதில் மழைக்கு ஒதுங்கி, தோழி ஒருத்தியோடு அந்த ஓவியக் கூடத்துக்குள் ஒரு தடவை நுழைந்திருக்கிறாள். காவலாள் ஒருவன் அறை அறையாகப் பின்னாலேயே வந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, வந்துகொண்டே இருந்தான். அத்தோடு சரி. கிளாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்து, அந்த வாசல் வழியாகவே தினமும் பஸ்ஸில் போய்வந்தும், பத்தொன்பது வருஷமாக அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதமெல்லாம் வந்தது. வசதி குறைந்த வட்டாரங்களின் பிள்ளைகளுக்குக் கலையைக் கொண்டுசேர்க்கும் திட்டமாம். குடும்பத்தோடு வாருங்கள், அனுமதி இலவசம் என்று போட்டிருந்தார்கள். இலவசம் என்று போட்ட எதன்மேலும் லோர்னாவுக்கு நம்பிக்கை கிடையாது.

"இன்னைக்கும் போகலேன்னா உங்கூடப் பேசவே மாட்டேன்," என்றாள் எஃபி, பூட்ஸைக்கூட மாட்டிக்கொண்டு. எட்டு வயசு.

"பேசாட்டி வீடு நிம்மதியா இருக்கும்," என்று சொன்னாளே தவிர, லோர்னா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இனிச் சொல்ல அவளிடம் பொய்யும் மிச்சமில்லை.

பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்ததும் எஃபி தன் பையைத் திறந்தாள். உள்ளே கையில்லாத மஞ்சள் ரிஃப்ளெக்டர் கோட்டு இரண்டு இருந்தன. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது பள்ளிக்கூடத்தில் மாட்டிவிடுவார்களே, அதுதான்.

"ஏய், இது எங்கடி கெடைச்சுது?"

"ஸ்கூல் அலமாரியில. வெள்ளிக்கிழமை எடுத்தேன். நாளைக்கு வெச்சிடுவேன்."

"திருடினியா?"

"உனக்கும் ஒண்ணு வேணும்ல! அது இல்லாம உள்ள விட மாட்டாங்கம்மா. மிஸ் வாசல்லயே நிக்க வெச்சு எண்ணுவாங்க. ஜேமி ஒரு தடவை கழட்டிட்டான், திரும்பப் போட்டப்புறம்தான் உள்ள விட்டாங்க."

லோர்னா சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு தடவை பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பெண், எல்லாவற்றையும் கவனித்து, கோட்டுப் போட்டால்தான் நமக்கு அனுமதி என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். திட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான், யார் இல்லையென்றது? ஆனால் இது ஒருத்தர் மண்டையிலுமா உறைக்கவில்லை!

'அதெல்லாம் வேண்டாம்டி, யாரு வேணா போகலாம்' என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவளே நம்பாததைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அதுவுமில்லாமல், மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு எந்த அறைக்குள் போனாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பது, டிப்போவில் அதே மாதிரிக் கோட்டோடு வேலை செய்து அவள் கற்றுக்கொண்ட பாடம்.

இறங்கியதும் இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளின் அளவு அது. லோர்னாவுக்குத் தோளோடு நின்றுவிட்டது, முன்பக்கம் சேரவே இல்லை. மணி நாலு பத்து.

கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால், நரைத்த தலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்தார்.

"க்ளீனிங்குக்கா வந்திருக்கீங்க? அதுக்குப் பின்வாசல்மா. பக்கத்துச் சந்துல போயி மணி அடிங்க, திறப்பாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். லோர்னாவின் கால் தானாகத் திரும்பிவிட்டது. உண்மையைச் சொன்னால், பின்வாசல் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த மாதிரி வாசல்கள் அவளுக்குப் பழக்கம்.

எஃபி நகரவில்லை. "அம்மா, நீ பாக்க வந்திருக்கேன்னு அவருகிட்ட சொல்லு," என்றாள்.

லோர்னாவுக்கு முகம் திகுதிகுவென்று எரிந்தது. அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம். பிள்ளை எடுத்துச் சொல்லும்படி வைத்துக்கொண்டோமே! கோட்டைப் பிடுங்கிக் கழற்றினாள். எஃபியுடையதையும் கழற்றினாள். இரண்டையும் சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

"க்ளீனிங் வேலைதான் சார் பாக்கறேன். ஆனா இன்னைக்கு எனக்கு லீவு. இது என் மக. இவ வரைஞ்ச படம் உள்ள மாட்டியிருக்கு, பாக்க வந்திருக்கோம். இதைக் கொஞ்சம் பிடிங்க."

"ஐயோ, அம்மா, கோட்டு!" என்று எஃபி பதறினாள்.

"நீ நட."

"மன்னிச்சுக்கங்கம்மா," என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. லோர்னா திரும்பவில்லை. எஃபிதான் அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். யாரும் வந்து நிறுத்தவில்லை.

இடதுபக்கம் மூன்றாவது அறை. எஃபியின் படம் ஜன்னலோரம் இருந்தது. அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ஹீட்டர் ஒன்று, அதன்மேல் வரிசையாகக் காயப்போட்ட ஈரக் கையுறைகள். கீழே பெயரும் வயதும்.

"இவ்வளவு பெரிய எடத்துல உனக்கு ஹீட்டர்தான் ஆப்பிட்டுதா?"

"பிடிச்சதை வரையச் சொன்னாங்க. அது சூடா இருந்துச்சு."

லோர்னா கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு கையுறையும் ஒவ்வொரு பிள்ளையுடையது என்று தெரிந்தது. ஒன்றில் கட்டைவிரல் கிழிந்திருந்தது, ஒன்று ஜோடி மாறியிருந்தது. விரல் நுனிகளில் தண்ணீர் சொட்டத் தயாராக நின்றது. இதைப் பார்க்காமல் ஐந்து வாரத்தை வீணடித்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"நல்லா வரைஞ்சிருக்கேடி," என்றாள். "நெசமாவே நல்லா வரைஞ்சிருக்கே."

எஃபி அடுத்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் என்ன இருக்கும்மா?"

"ஆறு தடவை வந்தவ நீதானே?"

"இந்த ரூமுக்கும் டாய்லெட்டுக்கும்தான் கூட்டிட்டு வந்தாங்க."

"எனக்கும் தெரியாது. வா, பாப்போம்."

பனியில் சிக்கிய கப்பலின் படம் ஒன்றின் முன்னால் நின்றார்கள். நாயோடு நின்ற தொந்திக்காரப் பிரபு ஒருவரைப் பார்த்து, வீடு ஒதுக்கும் ஹவுசிங் ஆபீஸ்காரர் மாதிரியே இருக்கிறார் என்றாள் எஃபி. உருளைக்கிழங்கு சீவும் பெண்ணின் படத்தின் முன்னால் லோர்னா வெகுநேரம் நின்றுவிட்டாள்.

"இப்படிச் சீவினா கெழங்குல பாதி தோலோட போயிடும்," என்றாள். "ஆனா அந்தக் கையைப் பாரேன், எப்படிச் செவந்து கெடக்கு! வரைஞ்சவனுக்குத் தண்ணியோட குளிர் தெரிஞ்சிருக்கு."

அங்கேயிருந்து இன்னொரு அறை, அதிலிருந்து இன்னொன்று. ஏழாவது அறையின் வாசலில், கையில் சாவிக்கொத்தும் கக்கத்தில் அந்த இரண்டு மஞ்சள் கோட்டுமாக அதே நரைத்த தலைக்காரர் எதிரே நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அறைகள் வரிசையாகத் தெரிந்தன.

"மூடற நேரமாச்சும்மா."

"அஞ்சு மணின்னுதானே சார் வாசல்ல போட்டிருக்கு?" என்றாள் லோர்னா. "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு நிமிஷம் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

"அப்போ வழி விடுங்க," என்றாள் லோர்னா. "இன்னும் ரெண்டு ரூம் பாக்கி."