ஒரே பாத்திரம்

"காரிலும் இல்லைம்மா" என்று சொல்லிக்கொண்டே போதகர் தோல்பையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார்.

அப்பம் இருந்தது. திராட்சரசம் இருந்தது. திருவிருந்துக்கான சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைத்தான் காணோம். வந்த அவசரத்தில், ஆலய அலமாரியில் பக்கத்துப் பெட்டியைத் தூக்கி வந்திருக்கிறார். அதற்குள் பழைய வெள்ளிப் பாத்திரம். சபையார் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடித்த காலத்தது.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன் ஐயா." பெரியவன் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"அதுவரைக்கும் உங்கப்பா மூச்சைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருப்பாரா?" என்றாள் அம்மா.

கட்டிலில் அப்பாவின் நெஞ்சு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. கால்மாட்டில் தங்கை. அவள் பக்கத்தில், உத்தரத்தில் இடிக்காமல் தலையைச் சாய்த்தபடி அவள் புருஷன். பேருந்து ஓட்டுகிறவர், கறுப்பினத்தவர். ஐந்து வருடமாக இந்த வீட்டில் அவருக்குப் பெயர் 'அந்த டிரைவர்'.

சின்னக் கிண்ணங்கள் வந்த கதை பெரியவனுக்கு நன்றாகத் தெரியும். அப்போதெல்லாம் ஆலயத்தில் சபை மூப்பர் என்ற முறையில் இந்தப் பாத்திரத்தை ஏந்தி நின்றவர் அப்பாதான். கல்யாணமான புதிதில் தங்கையின் புருஷன் முழங்காலிட்டு ஒரு வாய் குடித்தார். அப்பா வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். திருப்தி வராமல் இன்னொரு முறை துடைத்தார். அடுத்து இருந்த பெரியவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, குடித்ததுபோல் தலையைச் சாய்த்தான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், "ஊரெல்லாம் காய்ச்சல். ஆளுக்கொரு கிண்ணம் வச்சுட்டா சுகாதாரம்" என்றார் அப்பா. முதலில் உயர்ந்த கை பெரியவனுடையது. தங்கை புருஷனோடு வேறு சபைக்குப் போய்விட்டாள்.

"பாத்திரம் ஒண்ணு போதும்" என்றார் தங்கையின் புருஷன், யோசித்து யோசித்து வரும் தமிழில். "நான் கடைசியில் குடிக்கிறேன், அத்தை. அப்போ யாருக்கும் கஷ்டம் இல்லை."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கை போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"இல்ல." கட்டிலிலிருந்து குரல் வந்தது. போதகர் குனிந்தார்.

"மாப்பிள்ளைக்கு... அப்புறம் எனக்கு."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். 'மாப்பிள்ளை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

போதகர் ஜெபித்தார். அம்மா குடித்தாள், தங்கை குடித்தாள், அவள் புருஷன் குடித்தார். பழக்கதோஷத்தில் போதகர் துணியை எடுத்தார். அப்பாவின் கை போர்வைக்குள்ளிருந்து வந்து, அந்தத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டது. பிடியில் பலமே இல்லை. ஆனாலும் போதகர் இழுக்கவில்லை. துடைக்காத விளிம்பை அப்படியே அப்பாவின் உதட்டில் வைத்தார். பாதி மோவாயில் வழிந்தது. தங்கையின் புருஷன் தன் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தார்.

"தம்பி, நீங்க?" போதகர் பாத்திரத்தைப் பெரியவனிடம் நீட்டினார்.

"அப்புறம் ஐயா." பெரியவன் கையில் சாவி இன்னும் இருந்தது.

சங்கீதம் படித்து முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவின் அழுகை எழுந்தது. தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். போதகர் கல்லறைத் தோட்டத்துக்குப் பேச ஃபோனோடு வெளியே போனார். போகிறபோது, "மீதி இருக்கிறதை ஊத்திடாதீங்க தம்பி. யாராவது குடிச்சிடணும்" என்றார்.

பெரியவன் பாத்திரத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோனான். ஒரு வாய்தான் இருந்தது. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சாய்த்தால் ஒரு நொடி. கேட்க ஆளில்லை. அப்பாவும் இல்லை, கமிட்டியும் இல்லை. விளிம்பில் உதடு பட்ட தடங்கள் மங்கலாகத் தெரிந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. சுத்தமான இடம் தேடி அவன் விரல் பாத்திரத்தைத் திருப்பத் தொடங்கியது.

நிறுத்தினான். இருந்தபடியே உயர்த்திக் குடித்தான். லேசாகப் புளித்தது. பாத்திரத்தை மேடைமேல் வைத்தான்.

வாசலில் ஏதோ இடிபடும் சத்தம். வருகிறவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டில் பெஞ்சு வாங்கி வந்திருந்தார் தங்கையின் புருஷன். ஒற்றை ஆளாக அதைக் கதவுக்குள் நுழைக்க முடியவில்லை.

"பெஞ்சு பெரிசு. கதவு சின்னது" என்றார் மூச்சு வாங்க.

பெரியவன் பெஞ்சைத் தாண்டி வெளியே போய் மறுமுனையைப் பிடித்தான். "வண்டி ஓட்டறவர் நீங்க. எப்படித் திருப்பணும்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சாய்ங்க... இன்னும்... போதும், வாங்க."

பெஞ்சு ஒருக்களித்து உள்ளே நுழைந்தது. முன்னால் அவர், பின்னால் இவன்.