வாசலுக்கு உள்ளே நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், சின்னவன் அந்த விளையாட்டை முடித்தான். நாற்பதைத் தாண்டிக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். கடல் தாண்டி வேலை பார்க்கும் அண்ணன் தனக்குப் புதிய கேம் மெஷின் வாங்கியபோது, பழையதை இவனுக்கு அனுப்பி வைத்திருந்தான். "உனக்கும் வீட்ல பொழுது போகணும்ல" என்று போனில் சொன்னான். அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்த விளையாட்டு அது.

ராஜா வீட்டுப் பிள்ளை ஒருவன் மூன்று துணைவர்களோடு நாடு நாடாக அலைந்து, இருளரசனை விரட்டிப் பிடிக்கிற கதை. துணைக்கு ஒரு வில்லாளி, மலை மாதிரி ஒரு கொல்லன், பச்சை முக்காடு போட்ட ஒரு மருந்துக்காரி. வேலை முடிந்து வந்து, அப்பாவுக்குச் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் மாதக்கணக்காக விளையாடிக்கொண்டு வந்தான்.

கடைசியில் ஒரு பெரிய வாசல். இருளரசனை அதற்குள் தள்ளியாயிற்று. ஆனால் அந்தக் கதவு வெளியிலிருந்து சாத்தாது. உள்ளே ஒருவர் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை விட்டால் கதவு திறந்துவிடும். யார் நிற்பது என்று திரை கேட்டது. மூன்று முகங்கள் தெரிந்தன.

சின்னவன் அதிகம் யோசிக்கவில்லை. வில்லாளி ஊருக்கு வழி காட்ட வேண்டும். கொல்லன் தமாஷ்காரன், அவனை விட மனசு வரவில்லை. சண்டைதான் முடிந்துவிட்டதே, இனி மருந்துக்கு என்ன வேலை? பச்சை முக்காட்டின் மேல் அழுத்தினான்.

"நீங்கள் சொன்னால் சரி" என்றாள் மருந்துக்காரி. தோளில் இருந்த மருந்துப் பையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தாள். "வழியில் உங்களுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. பிறகு கடற்கரை, வாணவேடிக்கை, விருந்து. கொல்லன் மேஜை மேல் ஏறி ஆடினான். மருந்துக்காரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிப் போக, திரை கறுத்தது.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே அவள் என்ன சாப்பிடுவாள்? வெளிச்சம் இருக்குமா? கை வலித்தால் மாற்றிப் பிடிக்க யார் வருவார்கள்? எத்தனை காலம்? பொம்மைதானே என்று சொல்லிப் பார்த்தான். அந்தப் பையை மட்டும் மனசிலிருந்து தள்ள முடியவில்லை. திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தவள்தான் பையைக் கழற்றி வைப்பாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வழி நெடுக இரவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தபோதெல்லாம் கொல்லனோடுதான் அரட்டை அடித்தான். அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதுவும் இவனுக்குத் தெரியாது.

பக்கத்து அறையில் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்பா ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு நுரையீரல் கெட்டது. மூக்கில் மாட்டிய குழாய் சமையலறை வாசல் வரை வரும்; தெருக்கதவு வரை வராது. "என் தண்டவாளம் இவ்ளோதான்டா" என்பார்.

அம்மா இறந்த பிறகு இதே வீட்டு ஹாலில்தான் அண்ணன், அக்கா, இவன் மூன்று பேரும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வதென்று உட்கார்ந்து பேசினார்கள். அண்ணனுக்குப் பெரிய வேலை, விட்டுவிட்டு வர முடியாது. அக்காவுக்குப் பிள்ளைகள், மாமியார், மாடி வீடு. பேச்சு ஒரு சுற்று சுற்றி ஓய்ந்தபோது இரண்டு பேரும் இவனைப் பார்த்தார்கள். அப்போது கம்பெனியில் இவனைத் துறைமுக ஊருக்குப் போய்ப் புதுக் கிளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைக்கூடத் தூசி தட்டி வைத்திருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவன், "சரி" என்று மட்டும் சொன்னான். அக்கா அவன் கன்னத்தைத் தடவி, "எங்க தங்கம்டா நீ" என்றாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மறுநாள் காலையில் ஒரு பழைய குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதென்று போன் வந்தது. உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். சின்னவன் மெயினை அணைத்துவிட்டு, வெளிக்கதவுப் பக்கம் வாயை வைத்து வழக்கம்போல் பேச்சுக் கொடுத்தான்.

"பயப்படாதீங்கம்மா. காத்து வரும். மேல போய் கையால எறக்கறேன். கொஞ்ச நேரந்தான்."

"மெதுவாவே எறக்குங்க தம்பி, அவசரமே இல்ல" என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், கதவை உதைப்பார்கள். இப்படி ஒருவர் சொல்லி அவன் கேட்டதில்லை. "ஏம்மா, பயமா இல்லியா?"

"கல்யாணமான நாள்லருந்து இப்பதான் ஒரு எடத்துல சும்மா உக்காந்திருக்கேன். தரையில கால நீட்டிட்டேன். போன்ல சிக்னலும் இல்ல. வீட்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருப்பாங்க. நான்தான் மாட்டிக்கிட்டேனே, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

சின்னவன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மோட்டார் அறைக்குப் படியேறியவனுக்குப் பாதி வழியில் சிரிப்பு நின்றுபோயிற்று. பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தை எப்போதையும்விட மெதுவாகச் சுற்றினான். கதவைத் திறந்தபோது அந்த அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே" என்றார். வெளியே வந்ததும் அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. "தோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பேசிக்கொண்டே ஓடினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, பால்கனியில் நின்று அண்ணனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நீ குடுத்த அந்த கேமை முடிச்சிட்டேன்."

"அட! பரவால்லியே. எப்டி இருந்துச்சு?"

"கடைசி வாசல்ல நீ யாரை நிறுத்தின?"

"மருந்துக்காரியத்தான். வேற யாரை நிறுத்தறது? அவதான் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டாளே." அண்ணன் உற்சாகமாகச் சிரித்தான். "ஏன், நீ கொல்லனையா உள்ள விட்ட?"

சின்னவன் பால்கனிக் கம்பியில் சாய்ந்தான். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"டேய், இருக்கியா?"

"அண்ணே, நீ வந்து ரெண்டு மாசம் அப்பாகூட இரு."

"என்னடா திடீர்னு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் முடியல."

"உடம்பு சரியில்லியா?"

"உடம்பெல்லாம் நல்லா இருக்கு. அன்னிக்கு ஹால்ல நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? உனக்கு ஏதாவது இருக்கான்னு?"

"நீதான சரின்னு சொன்ன?"

"சொன்னேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன். அது என் தப்பாவே இருக்கட்டும். இப்ப சொல்றேன், முடியலண்ணே."

"கேம் வெளையாடி வெளையாடி உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. லீவு கேட்டா உடனே குடுப்பாங்களா? இங்க என் நெலம உனக்கு என்ன தெரியும்?" அண்ணன் அடுக்கிக்கொண்டே போனான். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

சின்னவன் திரும்பினால் பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்டி ஊருக்கே கேக்கற மாதிரி பேசினா, நான் காதப் பொத்திக்கவா?"

"இல்லப்பா... அது வந்து..."

"உக்காரு." அப்பாவுக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு எடுக்க வேண்டும். "அன்னிக்கு அந்த ஹால்ல நானும்தான் இருந்தேன். இதே நாற்காலிலதான். என்னை மட்டும் யாராவது கேட்டீங்களா?"

சின்னவனுக்கு விளங்கவில்லை.

"என்கூட வேல பாத்த ரயில் கார்டு ஒருத்தர், ஊருக்கு வெளிய ஒரு முதியோர் விடுதில இருந்தாரு. மரமா இருக்கும். நர்ஸ் இருக்காங்க. சாயங்காலமானா சீட்டுக் கச்சேரி. நானும் வரேன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அத உங்ககிட்ட சொல்லலாம்னு வாயத் தெறந்தா, நீ முந்திக்கிட்டு சரின்னுட்ட. புள்ள இவ்ளோ ஆசையா சொல்றான், வேணாம்னா மனசு ஒடஞ்சு போவான்னு நெனச்சு நானும் வாய மூடிக்கிட்டேன்."

"ஆசையாவா? நான் எங்கப்பா ஆசையா சொன்னேன்?"

"இப்பதான் தெரியுது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவருக்காக இவனும், இவனுக்காக இவரும், ஒரே வீட்டுக்குள் இத்தனை வருஷம். சின்னவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த விடுதில கேக்கலாம். கார்டு இருக்காருல்ல?"

"போன வருஷமே போய்ச் சேந்துட்டாரு. அங்க இனி எனக்கு யார் இருக்கா?" அப்பா காபி டம்ளரைக் கையில் உருட்டினார். "சரி, அதென்ன கேம், கடைசி வாசல்னு அண்ணன்கிட்ட கேட்ட? எனக்குக் காட்டு."

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் விளையாட்டைச் சேமித்து வைத்திருந்த இடம் ஒன்று இருந்தது. அங்கிருந்து தொடங்கினால் மறுபடி அவளைப் பார்க்கலாம் என்று முந்தின நாளே தெரியும். தொடத்தான் பயமாக இருந்தது. இப்போது அப்பாவின் நாற்காலியைக் குழாய் எட்டுகிற மட்டும் நகர்த்திப் போட்டு, விளையாட்டைப் போட்டான். இருளரசனை மறுபடி அடித்து உள்ளே தள்ளினான். மூன்று முகங்களும் தெரிந்தன. முதல் தடவை மருந்துக்காரியை அனுப்பியதையும் அவள் சொன்னதையும் அப்பாவிடம் சொன்னான்.

"அந்தப் பொண்ண விட்டுடு. இந்தத் தடியனை அனுப்பு" என்றார் அப்பா.

சின்னவன் கொல்லனை அழுத்தினான். இவ்வளவு பேசுகிறவன், மறுப்பான், குறைந்தபட்சம் ஒரு தமாஷாவது சொல்வான் என்று நினைத்தான்.

"நீங்கள் சொன்னால் சரி" என்றான் கொல்லன். சுத்தியலைக் கழற்றி வெளியே வைத்தான். "வழியில் உங்களுக்கு உதவும்" என்றான். உள்ளே போனான்.

மறுபடி அதே இடத்துக்கு வந்து வில்லாளியை அழுத்தினான். அதே வார்த்தை. அவனும் வில்லைக் கழற்றி வைத்தான்.

"யாரை அனுப்பினாலும் இதத்தான் சொல்வாங்களா?" அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "அப்ப அவ சொன்ன சரிக்கு என்ன அர்த்தம்?"

"தெரியலப்பா."

"ஏன்டா, நீயே உள்ள போய் நிக்க முடியாதா?"

"அந்த வழி இல்லப்பா. நான் ராஜா வீட்டுப் பிள்ளை."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. சின்னவன் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே திரையைப் பார்த்தான். கடற்கரையில் விருந்து நடந்துகொண்டிருந்தது. இந்த முறை கொல்லனோடு மருந்துக்காரியும் மேஜை மேல் ஏறி ஆடினாள். அது அவனுக்கு நிம்மதியாக இல்லை.

அடுத்த நாள் அக்கா கூப்பிட்டாள். அண்ணன் சொல்லியிருப்பான் போலும். "அப்பாவ ஒரு சுமையா நெனைக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று அழுதாள். முன்பென்றால் "இல்லக்கா, விடுக்கா" என்று சமாதானம் சொல்லியிருப்பான். இந்த முறை, "ஆமாக்கா, சில நாள் சுமையாத்தான் இருக்கு. அப்பாவுக்கும் நான் சுமையாத்தான் இருக்கேன்" என்றான். அக்கா அழுகையை நிறுத்திவிட்டுப் போனை வைத்தாள்.

கேட்டது இரண்டு மாதம். அண்ணன் ஒரு வாரத்துக்கு வந்தான். வந்த முதல் நாளே ஆக்ஸிஜன் மெஷினில் தண்ணீர்க் குப்பியை மாற்றக் கற்றுக்கொண்டான்; மாத்திரைகளைப் பிரித்து வைத்தான்; அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, தானே நனைந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "தெனமுமாடா இது?" என்று மட்டும் கேட்டான். சின்னவன் ஒரு துண்டை எடுத்து நீட்டினான். மறுநாள் காலை ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு கிளம்பினான். எங்கே போவதென்று முடிவு செய்யவில்லை. துறைமுக ஊர் பஸ் முதலில் வந்தது; ஏறிவிட்டான்.

பஸ் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. போன் அடித்தது.

"டேய், மெஷின்ல மஞ்சள் லைட்டு எரியுதுடா. என்ன பண்றது?" அண்ணன் குரல் பதறியது.

சின்னவன் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டான். பையும் எப்படியோ தோளுக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்டது. "அவன எதுக்குடா கூப்பிடற? பக்கத்துல ஒரு வடிகட்டி இருக்கு பாரு. கழட்டித் தட்டிப் போடு. நான் சொல்றேன், போன வை."

லைன் கட்டானது.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது. இறங்குகிற படி பக்கத்திலேயே இருந்தது. மூன்று பேர் ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிறுத்தம் வரை சின்னவன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தான். பக்கத்து இருக்கைக்காரர் அவனையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எடந்தான் இருக்கே, உக்காருங்களேன்" என்றார்.